கியோட்டோவில் எந்தப் பகுதியில் தங்குவது? (2026 நவம்பர், 5 இரவு, 4 பேர்)

#1 பயணப்பை

வணக்கம். 2026 நவம்பர் 19 முதல் 24 வரை கியோட்டோவில் 5 இரவு தங்குகிறோம். நான், மனைவி, 8 வயது மகள், 67 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறுவது சிரமம். முட்டைகூடத் தொடாத சைவம். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி வருகிறோம், கடைசி நாள் ஷின்கான்சென்னில் (புல்லட் ரயில்) டோக்கியோ. பெரிய பெட்டி 3, சின்னது 2.

பார்க்க நினைப்பவை: ஃபுஷிமி இனாரி, கியோமிசு கோயில், தங்கக் கோயில், அராஷியாமா மூங்கில் தோப்பு, நான்ஸென்ஜி பக்கம், ஒரு நாள் நாரா.

மனைவிக்கு கியோன் பக்கம் பழைய மரவீட்டில் தங்க ஆசை. எனக்கு ஸ்டேஷன் பக்கம்தான் வசதி என்று படுகிறது. ரெண்டும் இல்லாமல் வேறு நல்ல இடம் இருந்தாலும் சொல்லுங்கள்.

#2 தண்டவாளம்

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். 794-இல் தலைநகராகக் கட்டியபோதே கட்டம் போட்டுத் தெரு வகுத்த ஊர். நடுவில் சமவெளி, கிழக்கு, வடக்கு, மேற்கு மூன்று பக்கமும் மலை. பெரிய கோயில்கள் பலவும் மலையடிவாரத்தில், அதாவது ஊரின் ஓரத்தில். கியோமிசு கிழக்கே, தங்கக் கோயில் வடமேற்கே, அராஷியாமா மேற்கே, இனாரி தெற்கே. ஒன்றுக்குப் பக்கத்தில் தங்கினால் மற்ற மூன்றும் தூரமாகிவிடும். அதனால் எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று தேடாதீர்கள். எந்த ரயில் பாதைமேல் என்று தேடுங்கள்.

வரைபடத்தைப் பார்த்தால் எங்கும் பேருந்து போகிற மாதிரிதான் தெரியும். போகும்தான், ஆனால் நவம்பர் பிற்பாதியில் ஊர் முழுக்க இலை சிவக்கிற நேரம். கிழக்கு மலையை ஒட்டிய ஹிகாஷியோஜி சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். ஸ்டேஷனிலிருந்து கியோமிசு பக்கம் போகும் 206-இல் நிற்க இடம் கிடைக்காமல் இரண்டு மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நிற்க வேண்டியிருக்கும். முட்டி வலிக்காரருக்கு அது ஆகாது.

மெட்ரோ பாதை ரெண்டே ரெண்டுதான். தெற்கு வடக்காக கராசுமா பாதை, கிழக்கு மேற்காக தோசாய் பாதை. ரெண்டும் சந்திப்பது கராசுமா ஓய்கே. அதற்கு ஒரு ஸ்டேஷன் தெற்கே ஷிஜோ. அங்கே ஹான்கியு தனியார் ரயிலும் வந்து சேர்கிறது. இந்த ரெண்டு ஸ்டேஷனுக்கும் இடையே சுமார் 900 மீட்டர். உங்கள் பட்டியலுக்கு இந்தத் துண்டில் தங்குவதே சரி என்பது என் கருத்து. காரணத்தை இடம் இடமாகச் சொல்கிறேன்.

கியோட்டோ ஸ்டேஷன்: ஷிஜோவிலிருந்து மெட்ரோவில் 2 நிறுத்தம், 4 நிமிடம். அராஷியாமா: ஹான்கியுவில் ஏறி கட்சுராவில் மாறினால் அரை மணிக்குள். நான்ஸென்ஜி: ஓய்கேயில் தோசாய் பாதை பிடித்து கெயாகே, அங்கிருந்து நடை. தங்கக் கோயில்: கராசுமா பாதையில் வடக்கே கிதாஓஜி வரை போய், அங்கிருந்து 204 அல்லது 205 பேருந்து. ஸ்டேஷனிலிருந்தே பேருந்தில் போனால் ஊர் முழுவதையும் நெரிசலில் கடக்க வேண்டும். இப்படிப் போனால் பேருந்துப் பயணம் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். நாரா: கராசுமா பாதையின் சில வண்டிகள் தாகெதா தாண்டி கின்தெத்சு என்ற தனியார் ரயிலின் தண்டவாளத்தில் நேரே நாரா வரை போகும். அந்த நாரா ஸ்டேஷன்தான் மான் பூங்காவுக்குப் பக்கம், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா அல்ல.

#3 எட்டாம்வீதி

தண்டவாளம் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இவர் கணக்கில் பெட்டி 3+2, ஒரு குழந்தை, முட்டி வலி உள்ள அம்மா. எனக்கென்னவோ கியோட்டோ ஸ்டேஷன் பக்கத்தை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க மனம் வரவில்லை.

விமான நிலையத்திலிருந்து ஹாருகா விரைவு ரயில் சுமார் 80 நிமிடத்தில் நேராக இங்கே இறக்கிவிடும். மாற்றம் கிடையாது. ஷின்கான்சென் இங்கேதான். இனாரிக்கு ஜேஆர் நாரா பாதையில் 2 நிறுத்தம், 5 நிமிடம். (கவனம்: நாரா போகும் மியாகோஜி விரைவு வண்டி இனாரியில் நிற்காது, சாதா வண்டிதான் நிற்கும்.) அராஷியாமாவுக்கு சாகானோ பாதையில் கால் மணி. மழை பெய்தால் ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே சாப்பாடு முடிந்துவிடும். மகளுக்கு ரயில் அருங்காட்சியகம் பிடிக்குமென்றால் ஒரே நிறுத்தம், உமேகோஜி.

வடக்கு வாசல் கராசுமா, தெற்கு வாசல் ஹாச்சிஜோ. ஹோட்டல் பட்டியலில் ரெண்டு பக்கமும் “ஸ்டேஷனிலிருந்து 3 நிமிடம்” என்றே இருக்கும். விமான நிலையப் பேருந்தும் ஷின்கான்செனும் ஹாச்சிஜோ பக்கம்; நகரப் பேருந்து நிலையம் கராசுமா பக்கம், மெட்ரோவும் வடக்கே தள்ளித்தான். அராஷியாமா வண்டி நிற்பது 31 முதல் 33 வரையுள்ள மேடைகளில், மேற்குக் கடைசியில். ஸ்டேஷனுக்குள்ளேயே நல்ல நடை இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

#4 தண்டவாளம்

ஏற்றுக்கொள்கிறேன். 2 இரவு என்றால் நானும் ஸ்டேஷன் என்றுதான் சொல்லியிருப்பேன். 5 இரவு என்பதால் மாலை நேரத்தை யோசிக்கிறேன். கோயில்கள் பலவும் 5 மணிக்குச் சாத்திவிடும். அதன்பிறகு நடக்க, கடை பார்க்க, சாப்பிட ஊரின் உயிர் இருப்பது ஷிஜோ, நிஷிகி, தெராமாச்சி, காமோ ஆற்றங்கரை. ஸ்டேஷன் பக்கம் தங்கினால் தினமும் மாலை ஒருமுறை வடக்கே வந்து திரும்ப வேண்டும். களைத்துப்போன குழந்தையோடு அந்த ரெண்டாவது பயணம் நடக்காது. ஸ்டேஷன் கட்டடத்திலேயே ஐந்து நாளும் முடிந்துவிடும்.

#5 மரவீடு

கியோன் மரவீடு பற்றி. மாச்சியா என்பது தெருப்பக்கம் குறுகி உள்ளே நீண்டு போகும் வணிகர் வீடு. “விலாங்கு மீனின் படுக்கை” என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். உள்ளே போனால் குட்டித் தோட்டம், காகிதக் கதவு, பாய் விரித்த அறை. ரொம்ப அழகு. உங்கள் மனைவியின் ஆசை நியாயமானது.

சிக்கல் மாடிப்படியில். பழைய வீடுகளில் அது ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், ஒவ்வொரு படியும் பாதி பாதம்தான் பிடிக்கும். படுக்கை அறை மேலே, கழிப்பறையும் குளியலும் கீழே என்பது சகஜம். இரவு 2 மணிக்கு அம்மா இறங்க வேண்டும் என்று கற்பனை செய்து பாருங்கள். படுக்கை தரையில் விரிக்கும் மெத்தை. முட்டி மடக்கி எழ வேண்டும். நவம்பர் இரவில் மரச்சுவர் குளிரைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த மெல்லிய சுவர்தான், 9 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

எடுப்பதென்றால் மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் கட்டில் உண்டா? கழிப்பறை எந்தத் தளம்? சாவி வாங்குவது வீட்டிலா, வேறு அலுவலகத்திலா? பல மாச்சியாக்களுக்கு செக்-இன் வேறு தெருவில் நடக்கும். பெட்டியோடு அங்கே போய், பிறகு வீட்டுக்குப் போக வேண்டும்.

அனுமதி எண்ணையும் பாருங்கள். கியோட்டோ நகராட்சி 2018 முதல், குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் வீட்டு வாடகைத் தங்கலை ஜனவரி நடு முதல் மார்ச் நடு வரை மட்டுமே அனுமதிக்கிறது. நவம்பரில் அங்கே ஒரு வீடு மலிவாகக் கிடைக்கிறது என்றால், விடுதி உரிமம் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

#6 விடியல்நடை

எல்லோரும் போக்குவரத்தையே பேசுகிறீர்கள். கியோமிசு இருக்கும் கிழக்கு மலையடிவாரமான ஹிகாஷியாமாவுக்காக நான் பேசுகிறேன். கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது. 6 மணிக்கு நின்னென்சாகா கற்படியில் ஆளே இருக்காது. மரக்கடைகள் சாத்திக் கிடக்கும், யாசாகா கோபுரம் மட்டும் தெரு முனையில் தனியாக நிற்கும். 10 மணிக்கு அதே படியில் தோளோடு தோள் இடிக்கும். கியோட்டோவின் பழமையை உண்மையாகப் பார்க்க வேண்டுமானால் அந்த ரெண்டு மணி நேரம்தான். இன்னொன்று, நவம்பர் பிற்பாதியில் கியோமிசு, கோதாய்ஜி, எய்கான்தோ கோயில்கள் மூன்றும் இரவில் விளக்கேற்றித் திறந்திருக்கும். முடிந்து வெளியே வரும் கூட்டம் பேருந்துக்கும் டாக்சிக்கும் அல்லாடும்போது நீங்கள் பத்து நிமிடத்தில் அறைக்கு நடந்துவிடலாம்.

குறையும் உண்டு. கியோமிசுவுக்கு ஏறும் பகுதி முழுக்கச் சரிவும் படியும். கல் பாவிய தெருவில் பெட்டிச் சக்கரம் உருளாது. மெட்ரோ கிடையாது. மாலை 6 மணிக்கு மேல் சரிவுப் பக்கம் சாப்பிட இடம் குறைவு, ஷிஜோ வரை இறங்கி வர வேண்டும். கியோன் தெற்கில் சில தனியார் சந்துகளுக்குள் 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து மதியுங்கள். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

#7 தண்டவாளம்

விடியல்நடை சொல்லும் அந்த 6 மணி முழுக்க உண்மை. அதற்கு அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விடிகாலையில் சாலை காலி. ஷிஜோ கராசுமாவிலிருந்து கியோமிசு அடிவாரம் சுமார் 3 கி.மீ., டாக்சியில் 10 நிமிடம். நான்கு பேர் ஒரே டாக்சி. முந்தின இரவே வரவேற்பு மேசையில் சொல்லி வையுங்கள். டாக்சி இறக்கிவிடும் இடத்திலிருந்து வாசல் வரை மேட்டு நடை இருக்கிறது, அம்மாவுக்கு நேரம் கொடுங்கள். திரும்பும்போது இறக்கம், மெதுவாக கியோன் வரை வந்துவிடலாம்.

#8 பயணப்பை

எல்லோருக்கும் நன்றி. மரவீட்டு மாடிப்படி பற்றி யோசிக்கவே இல்லை.

இப்போது ஹோட்டல் பட்டியல் பார்த்தால் குழப்பம். “ஷிஜோ 5 நிமிடம்”, “கராசுமா 3 நிமிடம்”, “கோஜோ”, “கியோமிசு கோஜோ” என்று விதவிதமாக இருக்கிறது. முகவரியோ புரியவே இல்லை. சைவச் சாப்பாடு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

#9 தெருமுனை

பெயர்க் குழப்பத்தில் எல்லோரும் விழுகிறார்கள், பொறுமையாகப் பாருங்கள். மெட்ரோவின் ஷிஜோவும் ஹான்கியுவின் கராசுமாவும் ஒரே நாற்சந்தியின் அடியில் இருக்கின்றன. பெயர் மட்டும் வேறு. கராசுமா ஓய்கே அது அல்ல, ஒரு நிறுத்தம் வடக்கே. மெட்ரோவின் கோஜோவும் கெய்ஹான் ரயிலின் கியோமிசு கோஜோவும் ஒரே கோஜோ சாலையில்தான், ஆனால் நடுவில் நல்ல தூரம். நிஜோ வேறு, நிஜோ கோட்டை வாசல் ஸ்டேஷனான நிஜோஜோமாயே வேறு. அராஷியாமா என்றே ரெண்டு ஸ்டேஷன், ஹான்கியுவுக்கு ஆற்றின் தென்கரையில் ஒன்று, ராண்டென் டிராமுக்கு வடகரையில் ஒன்று; ஜேஆருக்கு சாகா அராஷியாமா.

தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு தனி ஆபத்து. தங்கக் கோயிலும் வெள்ளிக் கோயிலும் ஜப்பானியத்தில் முதல் எழுத்து ஒலியில் மட்டுமே வேறுபடும். தமிழில் எழுதினால் ரெண்டும் “கின்காகுஜி”தான்! ஒன்று வடமேற்கு மூலை, மற்றது வடகிழக்கு மூலை. பேருந்தில் ஏறும் முன் ஜப்பானிய எழுத்தில் முதல் எழுத்து 金 என்றால் தங்கம், 銀 என்றால் வெள்ளி என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகவரி. ஜப்பானின் மற்ற ஊர்களில் பெரும்பாலும் தெருப் பெயர் வராது. கியோட்டோவில் வரும், அதுவும் வழி சொல்கிற மாதிரியே. “கராசுமா தோரி, ஷிஜோ சகாரு” என்று இருந்தால்: வீடு கராசுமா தெருமேல், ஷிஜோ தெரு வெட்டும் முனையிலிருந்து தெற்கே. சகாரு என்றால் இறங்கு, தெற்கு. அகாரு என்றால் ஏறு, வடக்கு. ஹிகாஷி இரு என்றால் முனையிலிருந்து கிழக்கே திரும்பு, நிஷி இரு என்றால் மேற்கே. முதலில் வருவது நீங்கள் நிற்க வேண்டிய தெரு, அடுத்தது அதை வெட்டும் தெரு, கடைசியில் திசை. இந்த மூன்றும் தெரிந்தால் வரைபடமே இல்லாமல் ஹோட்டல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். சன்ஜோ, ஷிஜோ, கோஜோ, ஷிச்சிஜோ, ஹாச்சிஜோ என்பவை 3, 4, 5, 7, 8 ஆம் தெரு. எண் கூடக்கூடத் தெற்கு.

அதை வைத்து வடிகட்டுங்கள். கவாராமாச்சிக்குக் கிழக்கே, கியாமாச்சி தெருவிலோ போன்தோச்சோவிலோ இருந்தால் விட்டுவிடுங்கள். மதுக்கடைகள் நெடுநேரம் திறந்திருக்கும், குழந்தைக்குத் தூக்கம் போகும். கராசுமாவிலிருந்து மேற்கே மூன்று நான்கு தெருவுக்குள், முரோமாச்சி, ஷின்மாச்சி பக்கம் இரவில் அமைதி. (ஜூலையில் வருபவர்கள் மட்டும் கவனிக்க: கியோன் திருவிழாத் தேர்கள் கட்டுவது இந்தத் தெருக்களில்தான். 17ஆம் தேதி ஊர்வலத்துக்கு முந்தைய மூன்று இரவும் பெட்டியோடு நுழைவது பெரும்பாடு.)

#10 புளிக்குழம்பு

சைவம். கறி, மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் சாறில் இருக்கும். தாஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த கத்சுவோ மீன் சீவலில் செய்வது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது உண்டு. “இறைச்சி இல்லை” என்று கேட்டால் “ஆமாம், இல்லை” என்பார்கள், மீன் சாறு அதில் அடங்காது. “கத்சுவோ தாஷி இல்லாமல்” என்று ஜப்பானிய எழுத்தில் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். புத்த மடத்துச் சாப்பாடான ஷோஜின் ரியோரி, கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பது, அம்மா நம்பிச் சாப்பிடலாம். நான்ஸென்ஜி பக்கத்து டோஃபு சாப்பாட்டில் டோஃபு சைவம், தொட்டுக்கொள்ளும் சாறைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

இது இடத் தேர்விலும் வருகிறது. இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் சைவ உணவகங்களும் அதிகம் கிடைப்பது சன்ஜோ, ஷிஜோ, கவாராமாச்சி வட்டாரத்தில். ஊரிலிருந்து பொடி வகைகள் எடுத்து வரலாம். பச்சைக் கறிவேப்பிலை, அரிசி எடுத்து வராதீர்கள். தாவரச் சான்றிதழ் இல்லாமல் சுங்கத்தில் விடமாட்டார்கள். அரிசி அங்கேயே வாங்கலாம்.

#11 ரூபாய்யென்

அறை பற்றி. அங்கே விலை பெரும்பாலும் தலைக்கணக்கு. ரெண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டு மூன்றாவதாகக் குழந்தையோடு போய் நிற்காதீர்கள். வயதைச் சேர்த்து எழுதுங்கள். கட்டிலைப் பகிரும் குழந்தைக்கு எந்த வயதுவரை இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். செமி டபுள் என்றால் அகலம் சுமார் 120 செ.மீ., பெரியவர் ரெண்டு பேர் படுக்க முடியாது. ட்வின் (ரெண்டு தனிக் கட்டில்) என்றே தேடுங்கள். 4 பேருக்கு ஒரே அறை அபூர்வம், பக்கத்துப் பக்கத்து ட்வின் ரெண்டு கேளுங்கள். 12 சதுர மீட்டர் அறையில் ரெண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைக்கக்கூட இடம் இருக்காது. 18க்கு மேல் பாருங்கள்.

தங்கல் வரி 2026 மார்ச் 1 முதல் ஏறியிருக்கிறது. ஒருவருக்கு ஓர் இரவுக்கு, அறை விலை 6,000 யென்னுக்குள் 200, அதற்கு மேல் 20,000க்குள் 400, அதற்கு மேல் 50,000க்குள் 1,000 யென். விலை ஒருவர் பங்குக்குக் கணக்கு, உணவு சேராது. உதாரணமாக ரெண்டு பேர் அறை 30,000 என்றால் தலைக்கு 15,000, வரி 400+400. புக்கிங் தளத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது இருக்காது, வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்பார்கள்.

ஷிஜோவில் விலை கைக்கு எட்டாமல் போனால் யாமாஷினா பாருங்கள். கியோட்டோ ஸ்டேஷனுக்கு ஜேஆரில் ஒரே நிறுத்தம், 5 நிமிடம். தோசாய் மெட்ரோவும் உண்டு.

#12 பயணப்பை

வீட்டில் பேசினோம். ஷிஜோவுக்கும் ஓய்கேக்கும் நடுவில் ட்வின் ரெண்டு, 4 இரவு. ஓர் இரவு மட்டும் கியோன் பக்கம் ரியோகானில் (ஜப்பானிய மரபு விடுதி), கீழ்த்தள அறை. அதை 21ஆம் தேதி வைக்கலாமா? சனிக்கிழமை.

#13 மரவீடு

21 வேண்டாம். 23 திங்கள், ஜப்பானில் அரசு விடுமுறை. எனவே 21, 22 ரெண்டும் நீண்ட வார இறுதியின் இரவுகள், இலை சிவப்பின் உச்சமும் சேர்ந்துகொள்கிறது. 23 மாலை உள்ளூர்ப் பயணிகள் ஊர் திரும்பிவிடுவார்கள். ரியோகானைக் கடைசி இரவாக 23க்கு வையுங்கள்.

அப்படி வைத்தால் பெட்டிப் பிரச்சினையும் தீரும். 23 காலை ஷிஜோ ஹோட்டலிலேயே பெரிய பெட்டி மூன்றையும் தக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் சேவை மூலம் டோக்கியோ ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் போய்ச் சேருவது வழக்கம்; நெரிசல் நாட்களில் ஒரு நாள் கூடலாம், அதனால் ஒரு மாற்று உடை கையில் இருக்கட்டும். சீட்டில் டோக்கியோ ஹோட்டலில் பதிவு செய்த பெயரையும் செக்-இன் தேதியையும் எழுத மறக்காதீர்கள். கல் பாவிய தெருவுக்குச் சின்னப் பெட்டி ரெண்டு மட்டும் வரும். 24 காலை ஒரே டாக்சியில் நான்கு பேரும் ஸ்டேஷன் போய்விடலாம். ஷின்கான்சென்னில் மூன்று பக்க அளவு கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்குத் தனி இடம் முன்பதிவு வேண்டும், அந்த வேலையும் மிச்சம்.

ரியோகானில் இரவு உணவு சேர்க்காத “சுடோமாரி” திட்டம் எடுங்கள். கைசேகி என்ற பல வகைத் தட்டு விருந்து முழுக்க மீன் சாறில்தான் ஓடும், அம்மாவுக்கு ஒரு தட்டும் தேறாது.

#14 தண்டவாளம்

ஒன்றே ஒன்று விட்டுப்போனது. கியோட்டோ ஸ்டேஷனில் ஹாருகாவிலிருந்து இறங்கி மெட்ரோவுக்குப் போகும்போது நகரும் படியைத் தேடாமல் லிஃப்ட் குறியைப் பின்தொடருங்கள். ஷிஜோவில் எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது. பதிவு உறுதியானதும் ஹோட்டலுக்கு ஒரு வரி எழுதி, லிஃப்ட் உள்ள வாசல் எண் எது, அங்கிருந்து எந்தத் தெரு வழியாக வருவது என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.